பைபிஐயில் முதல் பேக்கேஜ்: கேட்டவையும் பதில்களும்

பைத்தான் லைப்ரரி எழுதி, பைபிஐயில் (பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கு) ஏற்றி, மற்றவர்கள் பிப் என்ற இன்ஸ்டால் கருவி மூலம் இன்ஸ்டால் செய்யும்படி விடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அண்ணா, தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் லைப்ரரி ஒன்று எழுதியிருக்கிறேன். மொத்தமே 200 வரிதான். இதையெல்லாம் ஏற்றலாமா?

வரிக் கணக்கு யாரும் பார்ப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் கிடங்கான என்பிஎம்மில் இருந்த லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜ் வெறும் 11 வரி. 2016 மார்ச்சில் அதை எழுதியவர் நீக்கியதும் உலகம் முழுக்க எத்தனையோ புராஜெக்டுகளின் பில்ட் நின்றுபோனது.

உங்கள் லைப்ரரிக்குத் தேவை இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடும். நமக்கு வேண்டியது 3. ஆனால் இந்த வேலையை ஓபன்-தமிழ் என்ற லைப்ரரி ஏற்கெனவே செய்கிறது. முதலில் அதைப் பாருங்கள். அதில் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால் தனியாக ஏற்றுங்கள். முடியாவிட்டால் அங்கேயே போய்ச் சேர்ந்துகொள்வதுதான் நல்லது.

பேக்கேஜுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாமா?

முடியாது. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, ஹைஃபன், அண்டர்ஸ்கோர் மட்டும்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்றுதான். ஹைஃபனுக்குப் பதில் அண்டர்ஸ்கோர் போட்டாலும் அதே பெயர்தான். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பு தாராளமாகத் தமிழில் இருக்கலாம். இன்னொன்று: இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும். படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரியை இன்ஸ்டால் செய்துவிட்டு பிஐஎல் என்று இம்போர்ட் செய்ய வேண்டியிருப்பதில் புதியவர்கள் இன்றும் தடுமாறுகிறார்கள். அதற்குப் பழைய வரலாறு உண்டு. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பேக்கேஜின் விவரங்களைச் செட்டப்.பை கோப்பில் எழுதுவதா, பைப்ராஜெக்ட்.டாம்ல் கோப்பில் எழுதுவதா?

இரண்டாவது. பெயர், பதிப்பு, லைசென்ஸ், சார்புகள் (உங்கள் லைப்ரரி ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) எல்லாம் அந்த ஒரே கோப்பில் வந்துவிடும். அப்புறம் பில்ட் என்ற கருவியால் கட்டி, ட்வைன் என்ற கருவியால் ஏற்றுங்கள்.

என் கணினியில் நன்றாக ஓடுகிறது. இன்ஸ்டால் செய்த நண்பனுக்கு மட்டும் எர்ரர் வருகிறது. ஏன்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, சொற்பட்டியல் போன்ற டேட்டா கோப்பு பேக்கேஜுக்குள் போகவே இல்லை. பேக்கேஜைக் கட்ட செட்டப்டூல்ஸ் பயன்படுத்தினால், பைத்தான் அல்லாத கோப்புகளை நீங்கள்தான் தனியாகக் குறிப்பிட வேண்டும். கட்டி முடித்ததும் கிடைக்கும் வீல் கோப்பு என்பது வெறும் ஜிப்தான். ஏற்றுவதற்கு முன் பிரித்து உங்கள் சொற்பட்டியல் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். உங்கள் கணினியில் இது ஏன் தெரியவில்லை என்றால், புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று ஓட்டும்போது பைத்தான் இன்ஸ்டால் ஆனதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். கோட் கோப்புகளை எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் தள்ளி வைத்தால் இந்த ஏமாற்று நிற்கும். புதிய விர்ச்சுவல் என்விரான்மென்டில் (தனியாகப் பிரித்து வைத்த பைத்தான் சூழல்), வேறு ஃபோல்டரில் நின்று சோதியுங்கள்.

இரண்டாவது, தமிழில் வேலை செய்கிறவர்களுக்கே உரிய வம்பு. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங், அதாவது எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை எது என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள். லினக்ஸும் மேக்கும் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஆங்கில விண்டோஸில் அது சிபி1252 என்ற பழைய முறை. நம் மெய்யெழுத்துப் புள்ளி யூடிஎஃப்-8இல் மூன்று பைட். மூன்றாவது பைட் (பதினாறடி எண்முறையில்) 8டி. சிபி1252இல் அந்த இடம் காலி, எழுத்தே கிடையாது. ஆக, புள்ளி வைத்த முதல் எழுத்திலேயே புரோகிராம் விழுந்துவிடும். அது நல்லதுதான், புள்ளியோ இப்படிக் காலி இடத்தில் விழும் வேறு எழுத்தோ இல்லாத கோப்பாக இருந்தால் எர்ரரே வராமல் குப்பை எழுத்தாக உள்ளே போயிருக்கும். திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். பைத்தான் 3.15இலிருந்து அதுவே இயல்பாகிறது, ஆனால் உங்கள் பயனர்கள் பழைய பதிப்புகளில்தான் இருப்பார்கள்.

1.0.0 ஏற்றினேன், தப்பு இருந்தது. அழித்துவிட்டுத் திருத்தி அதே எண்ணில் ஏற்றினால் மறுக்கிறது.

மறுக்கத்தான் செய்யும். ஒரு கோப்புப் பெயர் ஒருமுறைதான். அழித்தாலும் அந்தப் பெயர் திரும்பக் கிடைக்காது. நேற்று ஒருவர் இறக்கிய 1.0.0 வேறு, இன்று இறக்குவது வேறு என்றால் யாரும் எதையும் நம்ப முடியாது இல்லையா? 1.0.1 என்று போட்டுவிட்டு நகருங்கள். பழையதை அழிக்காமல் 'யாங்க்' செய்யுங்கள். புதிதாக வருபவர்களுக்கு பிப் அதைக் கொடுக்காது. சரியாக அந்த எண்ணையே எழுதி வைத்திருப்பவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். ஒத்திகை பார்க்க டெஸ்ட் பைபிஐ இருக்கிறது. அதற்குக் கணக்கு தனி.

சார்புகளின் பதிப்பை இரட்டைச் சமக்குறி (==) போட்டு ஒரே எண்ணில் கட்டிவிட்டால் பாதுகாப்புதானே சார்?

உங்கள் சொந்த ஆப்புக்குச் சரி, லைப்ரரிக்குக் கூடாது. நீங்கள் ஒரு பதிப்பையும் இன்னொரு லைப்ரரி வேறு பதிப்பையும் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டையும் சேர்த்து இன்ஸ்டால் செய்யவே முடியாது. குறைந்தபட்சப் பதிப்பைச் சொல்லுங்கள். உடையும் என்று தெரிந்தால் மட்டும் மேல் எல்லை.

பைபிஐயில் ஏற்றப் பயன்படும் ரகசியச் சாவியான டோக்கனைத் தெரியாமல் கிட்ஹப்பில் போட்டுவிட்டேன்!

உடனே ரத்து செய்யுங்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய ரெப்போ என்றால் கிட்ஹப்பின் ஸ்கேனர் கண்டுபிடித்து பைபிஐக்குச் சொல்லி, அதுவே ரத்தாகியிருக்கவும் கூடும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2023இல் வந்த டிரஸ்டட் பப்ளிஷிங்குக்கு (கிட்ஹப் போன்ற தளத்திலிருந்தே நேரடியாக வெளியிடும் முறை) மாறினால் டோக்கனைச் சேமித்து வைக்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சற்று நேரமே வாழும் டோக்கன் தானாக உருவாகும்.

கணக்கின் மின்னஞ்சலையும் கவனியுங்கள். 2022 மே மாதம் சிடிஎக்ஸ் என்ற பேக்கேஜின் உரிமையாளருடைய மின்னஞ்சல் டொமைன் காலாவதியானது. வேறொருவர் அதை வாங்கி, பாஸ்வேர்டை மாற்றி, ரகசியங்களைத் திருடும் நிரலை ஏற்றினார். 2024 தொடக்கத்திலிருந்து பைபிஐயில் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம்.

லைசென்ஸ் போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றுதானே அர்த்தம்?

நேர்மாறு. போடாவிட்டால் முழுப் பதிப்புரிமையும் உங்களுடையது. மற்றவர்களுக்கு அனுமதியே இல்லை. எல்லோரும் பயன்படுத்த அனுமதி தரும் எம்ஐடி லைசென்ஸ் போதும். அலுவலக நேரத்தில் எழுதியது என்றால் முதலில் மேலாளரிடம் கேளுங்கள்.

ஏற்றிய மறுநாளே நூற்றுக்கணக்கில் டவுன்லோடு காட்டுகிறது!

வாழ்த்துகள், ஆனால் அதில் பெரும்பகுதி மிரர்களும் (பைபிஐயை நகலெடுத்து வைக்கும் சர்வர்கள்) பாட்களும் (தானியங்கி நிரல்கள்)தான்.