முழங்கால் மாற்றச் சத்திரசிகிச்சை: அம்மா வீட்டுக்கு வரமுன் கக்கூஸைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. ஒட்டுசுட்டானில் எங்களோடு இருக்கிறா. இரண்டு முழங்காலும் தேய்ந்து, வலது கால் வில்லாக வளைஞ்சு போச்சு. அதை மாற்றச் சொல்லி யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தந்திருக்கினம். சீனி வருத்தமும் இருக்கு. முன்னுக்கும் பிறகும் என்ன செய்ய வேணும்? எப்ப வயலுக்குப் போகலாம் எண்டு அவ கேக்கிறா. வலது காலில் பழைய செல் (எறிகணை) துண்டொண்டும் கிடக்கு, அது பரவாயில்லைத்தானே?

பதில்: கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். வன்னியில் செல் துண்டோடு நடக்கிறவர்கள் அதை ஒரு வருத்தமாகவே சொல்வதில்லை. "அது 2009ல பட்டது, இப்ப ஒண்டும் செய்யிறேல்லை" என்று முடித்துவிடுவார்கள். மாற்றப்போகும் அதே காலில் துண்டு இருந்தால், சத்திரசிகிச்சை நிபுணருக்கு நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். காயம் எலும்பில் பட்டதா, அந்த நேரம் சீழ் வைத்ததா, எத்தனை தரம் கிழித்துக் கழுவினார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எலும்புக்குள் கிருமி பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். புது மூட்டில் அது பிடித்தால் மாத்திரையோடு போகாது. மூட்டைத் திரும்பத் திறக்க வேண்டி வரலாம்.

அதே கிருமிப் பயத்துக்காகத்தான் சீனியையும் கட்டுக்குள் வைக்க வேணும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8 இற்கு மேல் நின்றால் நிபுணர்கள் பலர் நாளைத் தள்ளிவைப்பார்கள். சொத்தைப் பல்லு, சலக்கடுப்பு, விரலிடுக்குச் சேற்றுப்புண், பித்தவெடிப்பு எல்லாவற்றையும் முன்னமே மாற்றிவிடுங்கள். யாழ்ப்பாணம் வரை போய், விரலிடுக்கில் புண் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். நாட்டுமருந்து குடித்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மூட்டை முழுதாகக் கழற்றி எறிவதில்லை. தொடையெலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் சீவி, உலோகம் பொருத்தி, நடுவில் பிளாஸ்டிக் தட்டு வைப்பார்கள். தசை அம்மாவின் பழைய தசைதான். ஆகவே இன்றைக்கே தொடங்கலாம்: காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அமத்தி, தொடைத் தசையை 5 செக்கன் இறுக்கி விட வேண்டும். ஒரு தடவைக்கு 10, நாளுக்கு மூன்று தரம்.

இனி வீடு. குந்துகிற கக்கூஸ் என்றால் அதன்மேல் வைக்கும் கொமட் கதிரை ஒன்றை முன்கூட்டியே எடுங்கள். பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டி வைப்பார்கள்; ஈரத் தரையில் அதன் கால் விரிந்து வழுக்கும், வேண்டாம். இரும்புக் கதிரை, காலுக்கு றபர், சுவரில் பிடிக்க ஒரு கம்பி. கிணற்றடிப் பாசியைச் சுரண்டுங்கள், குளிக்க உயரமான இருக்கை வையுங்கள். பாயில் படுக்கிறவ என்றால் கட்டில் வேணும். நாள் தெரிவுசெய்ய விட்டால் மாரியைத் தவிர்ப்பேன். சேற்று முற்றத்தில் வோக்கர் நகராது. அறுவடை நேரமும் சரிவராது. முதல் ஆறு கிழமை அம்மாவோடு ஓராள் வேணும், வீட்டார் எல்லாரும் வயலில் நிற்பார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து, பெரும்பாலும் அன்றைக்கோ அடுத்த நாளோ எழுப்பி நிறுத்துவார்கள். நோகும், நோவுக்குளிசையை நேரத்துக்குப் போட்டு, அது வேலைசெய்யும்போது பயிற்சி செய்ய வேணும். வீட்டுக்கு வரும்போது வானின் முன் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளி இருத்துங்கள். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் இறக்கி நாலு எட்டு நடத்துங்கள்.

நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), பார்க்கப் போகும் வீடுகளில் அநேகமாக ஒரே பிழைதான். அம்மா படுத்திருப்பா, பாசமாக யாரோ முழங்காலுக்குக் கீழே தலகணி வைத்திருப்பார்கள். அது சுகமாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. இரண்டு கிழமை அப்படிக் கிடந்தால் முழங்கால் மடங்கினபடியே இறுகி, பிறகு நொண்டித்தான் நடப்பா. துவாயைச் சுருட்டிக் குதிக்கு மேல், கணுக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் தன் பாரத்தில் தாழட்டும். ஐந்து நிமிடத்தில் "எடு பிள்ளை" என்பா. பத்து நிமிடம் வரை கதை குடுங்கள். மடக்குவதற்குக் கதிரையில் இருந்து பாதத்தைத் தரையில் பின்னுக்கு இழுக்க வேணும். இரண்டு, மூன்று கிழமைக்குள் 90 பாகையைப் பிடித்தால் நல்லது. படியில் ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது வெட்டின கால் முன்னுக்கு.

வீக்கமும் சூடும் மாதக்கணக்கில் இருக்கும், தழும்பின் வெளிப்பக்கம் விறைத்திருக்கும், பயப்பட வேண்டாம். காயத்தில் எண்ணெய், பத்து எதுவும் பூசாதீர்கள். காயம் கசிந்தாலோ, சிவப்புப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலை. திடீரென நெஞ்சு நொந்து மூச்சு வாங்கினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

வயலுக்கு? மூன்று மாதமளவில் வரம்பு காய்ந்திருந்தால் பொல்லோடு போய்ப் பார்க்கலாம். காயம் முழுக்க ஆறமுன் சேற்றுத் தண்ணீர் கூடாது, எலிக்காய்ச்சலையும் நினையுங்கள். குந்தியிருந்து களை பிடுங்குவதையும் கச்சான் பிடுங்குவதையும் இனி விட்டுவிடச் சொல்லுங்கள். கோபிப்பா. கச்சானைக் கொடியோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், கதிரையில் இருந்து ஆய்ந்து தருவா.