இறக்கைக் கம்பிக்குப் பயந்து இன்னொரு கிட் வாங்காதீர்கள்

கேள்வி: 48-ல் ஒரு பங்கு அளவில், முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் இரட்டை இறக்கைப் போர் விமானமான சாப்வித் கேமலின் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1917-ல் பிரான்சில் ஒரு போர்முனை விமானத்தளம், விடியற்காலை, விமானம் கிளம்பத் தயாராகிறது. இதுதான் என் டயோரமா, அதாவது மாதிரிகளை வைத்து அமைக்கும் காட்சி. மேல் இறக்கையை ஒட்டியாகிவிட்டது. இறக்கைகளுக்கு நடுவே கம்பி கட்டும்போது மாட்டிக்கொண்டேன். தையல் நூலில் கட்டினால் இரண்டே வாரத்தில் தொய்கிறது. இழுத்துக் கட்டினால் இறக்கை முறுக்கிக்கொள்கிறது. எட்டு மாதமாகப் பெட்டியில் கிடக்கிறது. 32-ல் ஒரு பங்கு அளவில், பாகங்கள் பெட்டியில் வரும் பெரிய கிட் வாங்கினால் கம்பி கட்டுவது சுலபம் என்கிறார் ஒரு விற்பனையாளர். உற்பத்தி நின்றுபோன கிட், காட்சிக்கு ஏற்கெனவே செய்து வைத்த தயார் தரை, உலோகத் தகட்டு நுண்பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன், சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் உங்கள் கேமலைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

தப்பு உங்கள் கையில் இல்லை, நூலில் இருக்கிறது. தையல் நூல் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் சிலிர்த்து நிற்கும். ஈரக்காற்று பட்டால் அதன் நீளம் மாறும், அதனால்தான் தொய்கிறது. தடிமனும் அதிகம். நிஜ விமானத்தில் 5 மி.மீ. கம்பி என்றால், 48-ல் ஒரு பங்குக்கு அது 0.1 மி.மீ. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். தையல் நூலைக் கட்டினால் கப்பல் வடத்தைக் கட்டியது போலத் தெரியும்.

எல்லா நூலையும் வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு விமானத்தை முகத்துக்கு நேரே பிடித்து, மேல் இறக்கையின் முன்விளிம்பை ஒரு ஸ்கேலோடு ஒப்பிடுங்கள். கேமலின் மேல் இறக்கை நேர்க்கோடு. கீழ் இறக்கை மட்டும்தான் இரு பக்கமும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். தயாரிப்பைச் சுலபமாக்கத்தான் மேல் இறக்கையைத் தட்டையாக்கினார்கள், அந்தச் சாய்வைக் கீழ் இறக்கையில் கூட்டினார்கள். மேலே நேராக இருந்தால் உங்கள் இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வளைந்திருந்தால் இரு இறக்கைகளையும் இணைக்கும் தூண்களில், அதாவது ஸ்ட்ரட்டுகளில், ஏதோ ஒன்றின் ஒட்டு விட்டிருக்கும். அதை மட்டும் கழற்றி மறுபடி ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

இப்போது உங்களுக்குத் தேவை மெல்லிய எலாஸ்டிக் நூல். ரிக்கிங் எனப்படும் இந்தக் கம்பி வேலைக்கு என்றே கறுப்பிலும் சாம்பலிலும் கிடைக்கிறது. மீன்பிடி நைலான் நரம்பும் நல்லதுதான், ஆனால் அதற்கு இறக்கையை ஊடுருவித் துளை போட்டு, நரம்பை மறுபக்கம் இழுத்து, எடை தொங்கவிட்டு ஒட்ட வேண்டும். மேல் இறக்கையை ஒட்டிப் பெயிண்டும் அடித்தவருக்கு அது வேண்டாத வேலை. எலாஸ்டிக் அப்படியில்லை. கம்பி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 0.3 மி.மீ. துரப்பணத்தைக் கையால் திருகி, ஒரு மி.மீ. ஆழத்துக்குச் சாய்வாகக் குழி போடுங்கள். சூப்பர் க்ளூவை ஒரு துண்டு அலுமினியத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நூல் நுனியைத் தொட்டெடுத்துக் குழியில் வைத்து, பதினைந்து எண்ணும் வரை அசையாதீர்கள். பிறகு இடைவெளியை அளந்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு நீளத்துக்கு நூலை வெட்டுங்கள். இடுக்கியால் மெதுவாக இழுத்து மறுகுழியில் வையுங்கள். விறைப்பாக நிற்கும், இறக்கையை முறுக்கும் பலமும் அதற்குக் கிடையாது. விரல் தெரியாமல் பட்டாலும் வளைந்துகொடுத்துத் திரும்பிவிடும்.

எந்தக் கம்பி எங்கே என்று கேட்பீர்கள். கிட் தயாரிப்பாளர்களுக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை. பெட்டி மேல் ஓவியத்தில் ஒவ்வொரு கம்பியும் பளபளக்கும், உள்ளே இருக்கும் தாளில் ஒரு கோடுகூட இருக்காது. பாதிப் பேர் இரட்டை இறக்கை விமானமே வேண்டாம் என்று ஓடுவது இதனால்தான். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. உடற்பகுதியின் அடியில் தொடங்கி மேல் இறக்கையின் வெளி ஸ்ட்ரட் வரை ஏறுவது பறப்புக் கம்பி. விமானம் மேலே எழும்போது இறக்கை மேல்நோக்கிப் பிய்த்துக்கொள்ளாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். மேலே நடுவில் தொடங்கிக் கீழ் இறக்கையின் வெளி ஸ்ட்ரட்டுக்கு இறங்குவது தரைக் கம்பி. தரையில் நிற்கும்போதும் இறங்கும்போதும் இறக்கை தொங்காமல் தாங்குவது அது. இரண்டும் குறுக்கே போனால் ஒரு பெருக்கல் குறி. கேமலில் பக்கத்துக்கு ஒரே அறைதான், அதாவது உடலுக்கும் வெளி ஸ்ட்ரட்டுகளுக்கும் நடுவே ஒரே இடைவெளி; முன் ஸ்ட்ரட் வரிசையில் ஒரு பெருக்கல் குறி, பின் வரிசையில் ஒன்று. முன் ஸ்ட்ரட்டையும் பின் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் சின்னக் குறுக்குக் கம்பிகளை அடுத்து போடலாம். பல பிரிட்டிஷ் விமானங்களில் பறப்புக் கம்பி இரட்டையாக ஓடும், முதல் விமானத்தில் ஒற்றையாகவே போடுங்கள். போட்டி நடுவர்கள் டார்ச் அடித்துக் கம்பி எண்ணுவார்கள் என்று யாராவது பயமுறுத்துவார்கள். எண்ணட்டும். அதே நடுவர்கள் சக்கரம் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாததைக் கவனிக்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கம்பி எப்போதும் விறைப்பாகத்தான் இருக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று உண்டு, அது நொறுங்கிய விமானம். கேமல் புது விமானிகளைக் கவிழ்ப்பதில் பேர்போனது என்பதால் நொறுங்கிய கேமலைக் காட்டும் ஆசை பலருக்கு வரும். வந்தால், நொறுங்கிய பக்கத்துக் கம்பிகள் மட்டும்தான் விட்டுப்போகும். முழுசாக இருக்கும் இறக்கையில் எல்லாம் விறைப்பாகவே நிற்கும். விட்டுப்போன கம்பியும் கொடிக்கயிறு போலத் தொங்காது. பிரிட்டிஷ் விமானங்களில் பெரும்பாலும் இருந்தது முறுக்கிய வடமல்ல, காற்றைக் கிழிக்கத் தட்டையாக உருட்டிய முழு எஃகுக் கம்பி. ஒரு முனை பிய்ந்தால் அது மடங்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மன் விமானங்களில் இருந்தது முறுக்கிய வடம், அது சுருண்டு கீழே விழும். ஆகவே கவிழ்ந்த கேமலுக்கு எலாஸ்டிக் உதவாது, மெல்லிய பித்தளைக் கம்பியை விரலால் மடக்கி வையுங்கள். கவிழ்ந்த ஜெர்மன் ஆல்பட்ராஸ் என்றால் நைலான் நரம்பு. பாதி நொறுங்கி மூக்கு குத்தி நிற்கிறது என்றால் அடிச்சக்கரக் கம்பிகளை மட்டும் விட்டுவிட்டு இறக்கைக் கம்பிகளை அப்படியே வைக்கலாம். உங்கள் காட்சியில் விமானம் கிளம்பப்போகிறது, இவ்வளவும் உங்களுக்குத் தேவையில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தொய்ந்த நூலோடு நிற்கும் 'விபத்து' டயோரமாக்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இப்போது அந்த விற்பனையாளர். உற்பத்தி நின்றுபோன கிட் என்றாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் 2009-ல் தொடங்கி 32-ல் ஒரு பங்கு அளவில் முதல் உலகப்போர் விமானங்களை அருமையாகக் கொடுத்தது. 2020-ல் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அலமாரியில் பெட்டி அடுக்கி வைத்திருந்தவன் எல்லாம் வியாபாரி ஆகிவிட்டான். கட்டுகிறவன் கைக்குப் போகாமல், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பெட்டி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு கைக்கும் விலை ஏறுகிறது. 'சீல் பிரிக்காதது' என்பார்கள். பிரிக்காத பெட்டிக்குள் டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், மஞ்சளடித்துக் கிடக்கலாம், தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகப் பிரியலாம். நான் ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன், விற்றவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. எந்தப் பழைய கிட்டானாலும் தேவையில்லாத ஒரு டெக்காலை முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பெரிய அளவில் கம்பி கட்டுவது சுலபம் என்பது அரை உண்மை. குழி போடுவது சுலபம், அவ்வளவுதான். ஆனால் கம்பி முனையில் இருக்கும் ஒவ்வொரு இறுக்குத் திருகும் கண்ணுக்குத் தெரியும் அளவு அது. அதையும் செய்தாக வேண்டும், அதற்குத்தான் அந்த உலோகத் தகட்டுத் தொகுப்பு. புரிகிறதா வியாபாரம்?

அந்த விற்பனையாளரின் தயார் தரையின் படத்தையும் பார்த்தேன். சிமென்ட் ஓடுபாதை! 1917-ல் போர்முனைத் தளம் என்றால் புல்வெளி. கேமலுக்குப் பிரேக் கிடையாது, வால் சக்கரமும் கிடையாது. வாலடியில் ஒரு மரக்கட்டைதான், அது மண்ணைக் கீறிக்கொண்டே போகும். ஈரப் புல்லில் ஒரு பற்குச்சியால் விமானத்துக்குப் பின்னால் அந்தக் கீறலை வரையுங்கள், பார்த்தவருக்கு உடனே புரியும். புல் 2 மி.மீ. போதும். கடையில் அதிகம் விற்கும் 6 மி.மீ. புல்லைத் தூவினால் மெக்கானிக் கெண்டைக்கால் வரை புதைந்து நிற்பார். எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டார் வண்டி ஒன்றும் அந்தத் தொகுப்பில் இருக்கிறதாம். அது பரவலாக வந்தது போருக்குப் பிறகு. உங்கள் காட்சிக்கு விசிறியைக் கையால் இழுக்கும் ஒருவர், சக்கரத்துக்கு இரண்டு கட்டைகள், வாலைப் பிடிக்க ஒருவர் போதும். பின்னணியில் பெசனோ எனப்படும், விமானம் நிறுத்தும் கூடாரக் கொட்டகை வைக்க நினைத்தால் அதன் கதவுத் திரை மட்டும் வையுங்கள். நிஜக் கொட்டகை 20 மீட்டருக்கு 24 மீட்டர், உங்கள் அளவில் அது 42-க்கு 50 செ.மீ., மேசையையே விழுங்கிவிடும்.

எஞ்சின் ஓடுவது போலக் காட்டுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். கேமலின் எஞ்சின் ரோட்டரி, விசிறியோடு சேர்ந்து ஒன்பது சிலிண்டர்களும் சுற்றும். விசிறியை மட்டும் மங்கலாக்கிவிட்டு சிலிண்டரை அசையாமல் விட்டால் தப்பு. அது குடித்த ஆமணக்கு எண்ணெய் திரும்பி வராமல் வெளியேதான் தெறிக்கும், ஆகவே அடிவயிற்றில் மூக்கிலிருந்து பின்னால் மெல்லிய பழுப்புக் கறை கொடுங்கள். 1917 அக்டோபரில் இந்திய விமானி ஹர்தித் சிங் மாலிக் ஓட்டிய கேமலுக்கும் இந்தக் கறை பொருந்தும். அடுத்து இன்னொரு இந்திய விமானி இந்திரலால் ராயின் எஸ்.இ.5ஏ விமானத்தைக் கட்டத் தோன்றினால் கறை வேண்டாம், அதில் இருந்தது நீர் குளிர்த்தும் வி-8 எஞ்சின்.

மேல்பக்கப் பச்சைப் பழுப்பு நிறம் சரியாக எந்தச் சாயல் என்று யாரோடும் சண்டை போடாதீர்கள். கையில் இருக்கும் பெயிண்ட் பாட்டிலே போதும்.

முதல் கம்பியைக் கொட்டகைத் திரையைப் பார்த்து நிற்கப்போகும் பக்கத்தில், பின் ஸ்ட்ரட் வரிசையில் போடுங்கள். அங்கே இரண்டு கோணலாகப் போனாலும் யார் கண்ணிலும் படாது. பார்வைக்கு நேரே வரும் பக்கத்துக்கு வரும்போது கை பழகியிருக்கும்.