5,000 ஆர்பிஎம்முக்கு மேல் தயங்கும் போலோ டிஎஸ்ஐ: பம்ப்பை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2021 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர் வண்டி இருக்கிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியை ஏற்றுவது) செய்து ஓராண்டு ஆகிறது. சில மாதங்களாக 5,000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் தயங்குகிறது. சில நேரம் வெட்டி வெட்டி இழுக்கிறது. பெட்ரோல் பற்றவில்லை என்கிறார் டியூனர். டேங்க் பம்ப், ஹை பிரஷர் பம்ப், இன்ஜெக்டர் மூன்றையும் மாற்றிவிட்டால் பின்னால் பெரிய டர்போ போடவும் வசதி என்கிறார். மாற்றலாமா? 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணமா? (கோவை வாசகர்)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் டியூனர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது வைத்தியம் ஆகாது. வண்டி குணமானாலும் எது கெட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

உங்கள் எஞ்சினில் பெட்ரோல் இரண்டு கட்டமாகப் போகிறது. டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் சில பார் அழுத்தத்தில் அதை எஞ்சின் வரை அனுப்பும். அங்கே கேம்ஷாஃப்ட் இயக்கும் ஹை பிரஷர் பம்ப் அதை 200 பாரோ அதற்கு மேலோ அழுத்தி, ரெயில் என்ற பொதுக் குழாய்க்குள் தள்ளும். இன்ஜெக்டர்கள் ரெயிலிலிருந்து நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும். இதில் எங்கே குறை என்பதை, ரெயில் பிரஷர் எந்த ஆர்பிஎம்மில் விழுகிறது என்பதே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

காரணம் இதுதான். ஹை பிரஷர் பம்ப் கேமோடு சுற்றுவதால் ஆர்பிஎம் ஏற ஏற அதன் வரத்தும் ஏறும். ஒரு சுற்றுக்கு அது தரக்கூடிய பெட்ரோலுக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு. ஒரு சுற்றுக்கு எஞ்சின் அதிகமாகக் குடிப்பது டார்க் உச்சத்தில் இருக்கும்போது, அதாவது 2,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரை. ஆகவே ஹை பிரஷர் பம்ப் போதாத வண்டி பொதுவாக நடு ஆர்பிஎம்மில்தான் மூச்சு வாங்கும். டேங்க் பம்ப்புக்குக் கணக்கு வேறு. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது தன் பாட்டுக்கு ஓடும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதே அதற்குச் சுமை. அந்தச் சுமை உச்சத்துக்குப் போவது 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே. நீங்கள் சொல்லும் அறிகுறி பெட்ரோல் குறையால் வந்தது என்றால், என் சந்தேகம் முதலில் டேங்க் பக்கம்தான்: அடைத்த ஃபில்டர், தளர்ந்த பம்ப், அல்லது பம்ப்புக்குப் போகும் வயரிங்கில் வோல்டேஜ் இழப்பு.

விசிடிஎஸ் அல்லது ஓபிடி லெவன் என்ற ஸ்கேன் கருவி வைத்திருக்கும் கராஜில் லாக் (ஓடும்போது எஞ்சின் அளவுகளின் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் கியரில், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 6,000 வரை முழு ஆக்சிலரேட்டர். பதிவாக வேண்டியவை: இசியூ (எஞ்சின் கணினி) கேட்ட ரெயில் பிரஷர், கிடைத்த ரெயில் பிரஷர், கேட்ட லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; ஏறினால் பெட்ரோல் குறைவு என்று பொருள்), கிடைத்த லாம்டா, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), சிலிண்டர்வாரியாக இக்னிஷன் பின்வாங்கல் (தீப்பொறியை இசியூ எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பது), மிஸ்ஃபயர் (சிலிண்டரில் சரியாகத் தீப்பிடிக்காமல் போவது) எண்ணிக்கை. இதை டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் உருளை மேடை) செய்யுங்கள். இல்லையென்றால் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் டிராக் நாள் வரும்போது செய்யுங்கள். அவிநாசி சாலையில் வேண்டவே வேண்டாம்.

லாக்கைப் படிப்பது கடினமில்லை. உதாரணமாக, கேட்டது 200 பார், கிடைத்ததும் 200-ஐ ஒட்டியே கடைசி வரை போகிறது, லாம்டாவும் கேட்டபடி இருக்கிறது என்றால் பெட்ரோலில் குறையே இல்லை. அப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பூஸ்ட் ஏற்றிய வண்டியில் பிளக் இடைவெளி அகன்றிருந்தால் தீப்பொறி அணைந்து, நீங்கள் எழுதியது போலவே வெட்டி வெட்டி இழுக்கும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில், இன்டர்கூலர் குழாயில் கசிவு ஆகியவை அடுத்த சந்தேகம். மிஸ்ஃபயர் ஒரே சிலிண்டரில் குவிந்திருந்தால் அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். மிஸ்ஃபயரும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி காயில்தான்.

ரெயில் பிரஷர் 5,000-க்கு மேல் சரிந்தால், டேங்க் பக்கத்து லைனில் ஒரு கேஜ் மாட்டி மறுபடி ஓட்ட வேண்டும். அங்கும் அழுத்தம் விழுந்தால் முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். வாங்கும்போது உங்கள் எஞ்சினுக்கு உரிய பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருந்தாலும் டர்போ இல்லாத சாதாரண எம்பிஐ எஞ்சினுக்கான ஃபில்டரில் ரெகுலேட்டரின் அழுத்தம் வேறாக இருக்கலாம். கேஜ் நிலையாக நிற்க, ரெயில் மட்டும் சரிந்தால் ஹை பிரஷர் பம்ப்பையோ அதன் வால்வையோ பார்க்கலாம். ரெயிலும் நன்றாக இருந்து லாம்டா மட்டும் ஏறி கலவை மெலிந்தால் இன்ஜெக்டர்.

எது எப்படியானாலும், முழு பூஸ்ட்டில் 0.85 கேட்ட இடத்தில் லாம்டா 0.95-ஐத் தாண்டினால் அந்த நொடியே காலை எடுங்கள். பிஸ்டன் உருகுவது அந்த நிலையில்தான்.

இ20 பற்றி. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-இலிருந்து இ20-க்கு வரும்போது அதே சக்திக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். லாம்டா சென்சார் பார்த்து இசியூவே இதைச் சரிசெய்துகொள்ளும். ஸ்டேஜ் 1-க்காக நீங்கள் ஏற்றிய டார்க்கோடு ஒப்பிட்டால் இது சிறிய சுமை. எத்தனால் நாக்கிங்கை (கலவை தவறான நேரத்தில் தானாக வெடிப்பதை) அடக்கவும் செய்யும் என்பதால் டர்போ எஞ்சினுக்கு அதில் நன்மையும் உண்டு. ஆனால் போலோ இந்தியாவில் 2022-இல் நின்றுபோனது. இ20-க்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். பழைய டேங்கில் படிந்திருப்பதை எத்தனால் கரைத்துக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். நான் ஃபில்டரை முதலில் சொல்வதற்கு இதுவும் காரணம். எங்கேனும் ரப்பர் ஹோஸ் மாற்றினால் எத்தனால் தாங்கும், இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கான ஹோஸாகவே கேளுங்கள்.

ஸ்டேஜ் 1-க்கு கம்பெனி பம்ப் போதுமா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி கொடுத்தது 110 பிஎஸ். ரீமேப்புக்குப் பிறகு 135 பிஎஸ் என்று வைத்துக்கொண்டால் சுமார் 99 கிலோவாட். முழு பூஸ்ட்டில் கிலோவாட்-மணிக்கு 320 கிராம் என்றால் மணிக்கு 32 கிலோ, அதாவது 43 லிட்டர். இது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு; இ20 என்றால் 46 லிட்டர். நல்ல நிலையில் உள்ள டேங்க் பம்ப்புக்கு இது பாரமே இல்லை.

பெரிய டர்போ போட்டால் கதை மாறும். அங்கே முதலில் முட்டுவது நேரம். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில்) பீய்ச்சும் பழைய முறை அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். நேரடி இன்ஜெக்ஷனுக்கு, காற்று உள்ளே வரும் ஸ்ட்ரோக்கை ஒட்டிய 5 மில்லிசெகண்ட் சொச்சம்தான். அந்த இடைவெளிக்குள் முடியாவிட்டால் பெரிய இன்ஜெக்டரோ அதிக அழுத்தமோ வேண்டும். அல்லது மேனிஃபோல்டில் இன்னொரு செட் இன்ஜெக்டர். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ ஐரோப்பாவில் இரண்டு செட்டோடும் வந்தது. அமெரிக்க வண்டியில் நேரடி இன்ஜெக்டர் மட்டுமே என்பதால், பெரிய டர்போ போடும் அங்குள்ளவர்கள் மேனிஃபோல்டு செட்டைத் தனியாகச் சேர்க்கிறார்கள். வால்வில் கரி படிவதும் அதனால் குறைகிறது. ஹை பிரஷர் பம்ப்பை மட்டும் பெரிதாக்குவதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயில் கேமுக்கும் பம்ப்புக்கும் நடுவிலிருந்த ஃபாலோயர் என்ற சிறு உலோகக் கிண்ணம் தேய்ந்து ஓட்டையாகி கேமையே கெடுத்தது. கடினமான ஸ்பிரிங் உள்ள பம்ப் அந்தத் தேய்மானத்தை விரைவாக்கியது. எனவே டர்போவைத் தேர்ந்தெடுத்து, எவ்வளவு சக்தி என்று முடிவான பிறகே பம்ப், இன்ஜெக்டர் அளவு. டர்போவே முடிவாகாமல் இப்போது வாங்கிவைப்பதில் அர்த்தமில்லை. அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே கிளட்ச்சும் கேள்வி கேட்கும்.

சட்டத்தையும் பாருங்கள். ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் எழும்.

ஹை பிரஷர் பக்கத்தைத் திறக்க நேர்ந்தால் ரெயிலின் அழுத்தத்தை முறைப்படி இறக்கிய பிறகே ஸ்பானர் போட வேண்டும். 200 பாரில் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வீட்டு ஷெட்டில் நீங்களே முயல வேண்டாம். லாக் கைக்கு வரும்வரை 4,000-க்கு மேல் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓட்டுங்கள்.