முன்வளையம் மங்குகிறதா? முதல் செலவு கண்ணாடிக்கு

கேள்வி: எனக்கு 56 வயது, தண்டையார்பேட்டை. கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டதோடு சரி. இரண்டு வருடமாகத்தான் மறுபடியும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறேன், பீப் சைட், அதாவது கண்ணருகே சின்னத் துளை, குழல் முனையில் குறி பார்க்கும் வளையம். ஆறு மாதமாக முன்வளையம் புகை படிந்தது போலத் தெரிகிறது. போட்டிருப்பது புரோகிரசிவ் கண்ணாடி. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் வளையம் தெளிகிறது, ஆனால் டார்கெட் கரைந்துவிடுகிறது. கடைக்காரர், "லென்ஸ் வைத்த முன் சைட் இருக்கிறது, 18,000 ரூபாய், போட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதல் காரணம், அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் போட்டியில் இறங்க முடியாது. சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிப்படி ரைஃபிள் சைட்டில் லென்ஸ் எதுவும் இருக்கக் கூடாது. வண்ண ஃபில்டர் இருக்கலாம். பார்வைக்கான லென்ஸை சுடுபவர் தன் கண்ணில்தான் அணிய வேண்டும். இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், உங்கள் சைட்டில் கோளாறே இல்லை. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைக்கத் தொடங்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சட்டென்று மாறிக்கொள்ள அதனால் முடியாது. பேப்பரை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோமே, அதே சங்கதிதான். புரோகிரசிவ் கண்ணாடியில் மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை. ரைஃபிளில் கன்னத்தைச் சாய்த்ததும் நீங்கள் பார்ப்பது கண்ணாடியின் மேல் ஓரம், மூக்கை ஒட்டிய மூலை. தலை ஒரு நூல் அசைந்தாலும் பவர் மாறும். சுடுவதற்கு அது ஆகாது.

உங்களுக்குத் தேவை ஒரே பவர் உள்ள சாதாரணக் கண்ணாடி. என்ன பவர் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. கண்ணிலிருந்து முன்வளையம் ஏறக்குறைய 1 மீட்டர். அதைத் தெளிவாகப் பார்க்க, தூரப் பார்வை பவரோடு கூடுதலாக 1 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வேண்டும். 10 மீட்டரில் இருக்கும் டார்கெட்டுக்கு 0.1 போதும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் கிட்டத்தட்ட 0.5. ஆகவே தூரப் பார்வை பவரோடு +0.50 சேர்க்க வேண்டும். உங்கள் பவர் −1.00 என்றால் −0.50 ஆகும், +1.00 என்றால் +1.50 ஆகும். சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

மிச்சமிருக்கும் மங்கலை பீப் துளை பார்த்துக்கொள்ளும். இன்று இரவே சோதித்துப் பாருங்கள். அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தினசரி காலண்டரில் ராகுகாலம் போட்டிருக்கும் பொடி எழுத்தை அதன் வழியாகப் பாருங்கள். வெறும் கண்ணுக்குக் கலங்கியது துளை வழியே பிடிபடும், கொஞ்சம் இருட்டாக. அந்த இருட்டுதான் துளைக்கு நாம் கொடுக்கும் விலை. வயதான கண்ணுக்குள் வெளிச்சமும் குறைவாகவே போகிறது. டார்கெட் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் துளை உங்களுக்குச் சின்னது. 1.0 முதல் 1.4 மில்லிமீட்டருக்குள் மாற்றிப் பாருங்கள்.

கண்ணாடிக் கடைக்கு ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வீட்டில் ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணிலிருந்து முன்வளையம் வரை டேப் வைத்து யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பின் சைட்டையும் ஒரு வளையத்தையும் மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் சோதனை ஃபிரேமை மாட்டிக்கொண்டு, அளந்த தூரத்தில் வளையத்தை ஒருவர் பிடிக்க, பீப் வழியாக டார்கெட்டுக்குப் பதில் எதிர்ச் சாரி போர்டைப் பாருங்கள். +0.25, +0.50, +0.75 மூன்றையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். வளையத்தின் விளிம்பு கூர்மையாகவும், டார்கெட் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு மங்கலாகவும் இருப்பதே சரியான பவர்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 51 வயதில் நானும் இதே மங்கலோடு திண்டாடினேன். துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸ் சைட் ஒன்றைப் பெரிய விலை கொடுத்து வாங்கினேன். துளையைச் சுருக்கச் சுருக்க இருட்டுதான் கூடியது. அப்புறம் ஒரு கடையில் படிக்கிற பவரிலேயே கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வளையம் பளிச்சென்று தெரிந்தது, டார்கெட்டைக் காணோம். கடைசியில் சில நூறு ரூபாய் லென்ஸ்தான் என்னைக் காப்பாற்றியது. அந்த ஒரு வருடப் பயிற்சி போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

கண்ணாடி சரியானதும் முன்வளையத்தைப் பாருங்கள். டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், இருப்பது 10 மீட்டரில். ஒரு மீட்டரில் இருக்கும் வளையத்தில் அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டரை அடைத்துக்கொள்ளும். 3.2 மில்லிமீட்டர் வளையம் போட்டால் வெள்ளை இடைவெளி நூலாகிவிடும், வயதான கண் அதைத் துரத்தியே களைத்துப்போகும். 3.8 அல்லது 4.0 போடுங்கள். பெரிய வளையம் குறியைக் கெடுக்கும் என்ற பயம் வேண்டாம். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் நிறுத்துவது கண்ணுக்கு இயல்பாக வரும்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், ஈயத் துணுக்கு தெறித்தால் காக்கும். மற்ற கண்ணை இறுக்கி மூடாதீர்கள், குறி பார்க்கும் கண்ணும் சேர்ந்து சோர்ந்துவிடும். தயிர் டப்பா மூடி போன்ற வெள்ளை பிளாஸ்டிக்கை 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மிகாமல் வெட்டி மறைத்துக்கொள்ளலாம். புதுக் கண்ணாடியோடு குண்டு விழும் இடம் மாறலாம். அஞ்சு குண்டு சுட்டுப் பார்த்து அப்புறம் சைட்டை நகர்த்தும் கிளிக்கைத் திருப்புங்கள். இன்னொன்று, நம் பக்கத்துக் கடல் காற்று சைட் திருகுகளைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது, ராயபுரம். ஓபன் சைட்டில் சுடுகிறார். வலது கண்ணில் புரை, ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டார்கள். இனி சுட முடியுமா?

பதில்: முடியும் என்றே நம்புங்கள். ஸ்டான்லியோ, 1819-லிருந்து இயங்கும் எழும்பூர் கண் மருத்துவமனையோ, எங்கே செய்தாலும், குறி பார்ப்பது இந்தக் கண்தான் என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் அப்பா சொல்லிவிட வேண்டும். பல தூரத்துக்கும் சேர்த்து வரும் மல்டிஃபோகல் லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போடும், அதனால் கறுப்பு வெள்ளை வித்தியாசம் குறையும். ஒரே தூரத்துக்கான மோனோஃபோகல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எப்போது மறுபடி சுடலாம், பவர் எப்போது நிலைக்கும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதன் பிறகே கண்ணாடி. ஓபன் சைட்டில் பின் பள்ளம், முன் முனை, டார்கெட் என்று மூன்று தூரம். பீப் சைட்டுக்கு மாறினால் அதில் ஒன்று குறையும், அப்பாவுக்கு அது பெரிய நிம்மதி.

கேள்வி: பெரம்பூரில் ஒரு கடையில் −0.50 கேட்டு ஆர்டர் கொடுத்தேன். வந்தது −1.00. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் அச்சடித்த அந்த ஒரு வரி சட்டத்தை மாற்றாது. வேறு கடையில் லென்சோமீட்டரில் வைத்துப் பவரை எழுதி வாங்குங்கள். ஆர்டர் சீட்டையும் அதையும் வைத்து முதல் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.