வைஃபையைக் கண்டுபிடித்தது நடிகையா? – கேள்வி பதில்

கேள்வி: ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிறது. நிஜமா சார்?

பதில்: பாதி நிஜம். வியன்னாவில் 1914-இல் பிறந்த ஹெடியின் முதல் கணவர் ஃபிரிட்ஸ் மாண்டல் ஓர் ஆயுத வியாபாரி. வீட்டு விருந்துகளில் ஆயுதப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் அமெரிக்கா போய் நட்சத்திரமானார். உலகப் போரும் வந்தது. கப்பலைத் தாக்க நீருக்கடியில் பாயும் குண்டான டார்பிடோவை ரேடியோவால் செலுத்தினால், எதிரி அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பிக் கெடுத்துவிடுவான். அலைவரிசை ஒரே இடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருந்தால்? ஹெடியும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் போட்ட திட்டம் அதுதான். தானாக வாசிக்கும் பியானோவில் துளையிட்ட காகிதச் சுருள் சுற்றுமே, அதைப்போலக் கப்பலில் ஒன்று, டார்பிடோவில் ஒன்று. இரண்டும் சேர்ந்து சுற்றினால் சேர்ந்தே தாவும். அலைவரிசைகள் 88, பியானோவின் கட்டைகளும் 88! 1942 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. கடற்படையோ அதைப் பரணில் போட்டது.

தாவும் யோசனை அவருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியதுதான். இன்றைய வைஃபை அப்படித் தாவுவதும் இல்லை. ப்ளூடூத் என்று சொல்லியிருந்தால் நானும் ஃபார்வர்ட் செய்திருப்பேன். உங்கள் ஹெட்செட் நொடிக்கு 1600 முறை வரை தாவுகிறது.

கேள்வி: கணினிப் பிழைக்கு 'பக்' என்று பெயர் வந்தது ஒரு பூச்சியால்தானா?

பதில்: பூச்சி உண்மை, பெயர்க்கதை பொய். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலே என்ற மின் சுவிட்சில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியது. அதைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே பக் அகப்பட்ட முதல் சம்பவம் என்று கிண்டலாகக் குறித்தார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தானே அது கிண்டல்? எடிசன் 1878-லேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: 32 ஜிபி பென்டிரைவ் 29.8 என்றுதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி: பாட்டி என்னை "சரியான எம்டன்" என்பார். யார் அந்த எம்டன்?

பதில்: ஆள் இல்லை, ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடலோரம் வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் நழுவியது. பயந்து ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். மூன்று புகைபோக்கிகளோடு நாலாவதாகப் போலி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போட்ட கில்லாடி அது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் அதன் கதையை முடித்தது. குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு சென்னை உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது. பாட்டியைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.