சில டாலர் டீசல் போர்முனையில் 400 டாலர் ஆவது எப்படி?

கேள்வி: ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைக்கு ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) எரிபொருள் 400 டாலர் ஆனதாகப் படித்தேன். சந்தையில் சில டாலர்தானே? இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: 2009-இல் பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) அதிகாரிகள் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுவிடம் சொன்ன எண் அது. ஹெலிகாப்டர் மட்டுமே எட்டக்கூடிய முகாம்களுக்கான உச்சக் கணக்கு. எல்லா முகாமுக்கும் அதையே சொல்வது தவறு.

கொள்முதல் விலையில் தொடங்குங்கள். லாரி வாடகை, ஓட்டுநர் கூலி, காவல் வண்டிகள், அவை குடிக்கும் டீசல், வழியில் திருடுபோனது, எரிந்துபோனது எல்லாவற்றையும் கூட்டுங்கள். பிறகு முகாமின் தொட்டியில் இறங்கிய அளவால் வகுக்க வேண்டும். பலர் ஏற்றிய அளவால் வகுத்துவிடுகிறார்கள். விலை குறைவாகத் தெரிவது அதனால்தான்.

சினூக் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் சுமார் 400 கேலன் குடிக்கும். 500 கேலன் பைகள் இரண்டைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரத் தொலைவு போய்த் திரும்பினால், 1,000 கேலன் சேர்க்க 800 கேலன் செலவு. பராமரிப்பும் விமானிகள் சம்பளமும் தனி.

டாலரில் அடங்காததும் உண்டு. 2007-இல் ஆப்கானிஸ்தானில் 24 எரிபொருள் வாகன அணிக்கு ஒருவர் வீதம் செத்தோ காயப்பட்டோ போனதாக அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வு கணக்கிட்டது. எண்ணெய்ச் சிக்கனத்தைச் சுற்றுச்சூழல் விவகாரமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

மிச்சம் பிடிக்க டாங்கியைப் பார்க்காதீர்கள், ஜெனரேட்டரைப் பாருங்கள். முகாமில் இரவுபகலாக ஓடுவது அதுதான். பெரும்பாலும் கூடாரத்து ஏசிக்காக. 60 கிலோவாட் ஜெனரேட்டரில் 12 கிலோவாட் மட்டும் இழுத்தால் இன்ஜின் போதிய சூடேறாது. டீசல் முழுதாக எரியாமல் கரியோடு கலந்து, புகைக்குழாய் இணைப்பில் கறுப்புப் பிசினாகக் கசியும். அதைக் கண்டால் கேஸ்கெட்டை (இணைப்பின் கசிவுத் தடுப்பு வளையத்தை) மாற்றிப் பயனில்லை, சுமைதான் காரணம். கிளாம்ப் மீட்டரால் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஒவ்வொரு ஃபேஸையும் ஒருநாள் முழுக்க அளந்து, சுமை 30 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சிறிய ஜெனரேட்டருக்கு மாற்றுங்கள், அல்லது இரண்டின் சுமையை ஒன்றில் சேருங்கள்.

அதற்கும் முன்னால் கூடாரத்தைக் கவனியுங்கள். ஈராக்கில் கூடாரங்கள்மேல் வெப்பம் தடுக்கும் நுரை தெளித்ததிலேயே ஏசிச் செலவு வெகுவாகக் குறைந்தது. வெப்பத்தைத் தடுத்த பிறகே ஜெனரேட்டர் அளவை முடிவு செய்ய வேண்டும். வரிசை மாறினால் சரியாகப் பொருத்திய ஜெனரேட்டரும் மறுபடி தேவைக்கு மிஞ்சியதாகிவிடும், கசிவும் திரும்பும்.

சோலார் கடைசியில். 2010-இல் ஆப்கானிஸ்தானின் சங்கினில் அமெரிக்க மரீன் படையினர் கொண்டுபோன பேனல்கள் ரேடியோ பேட்டரிகளுக்கும் விளக்குகளுக்கும் உதவின. ஏசிக்கு அந்த அளவு போதாது.