தலை, கழுத்துப் புற்றுநோய்: இணையத்தில் படித்த 80 சதவீதம் நம் ஆட்களுக்குப் பொருந்துமா?

'தொண்டை, வாய்ப் புற்றுநோயில் 80 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள் என்று படித்தேன். அப்பாவின் டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. பெரியப்பாவுக்குக் கன்னத்தில் வந்தபோது கூடவே அலைந்தவன். நானும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

நீங்கள் படித்தது அநேகமாக 2010இல் வந்த அமெரிக்க ஆய்வாக இருக்கும். அது டான்சில், அடிநாக்குப் பகுதியில் வரும் புற்று பற்றியது. எச்பிவி வைரஸால் வந்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து 82 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57தான். அந்த வைரஸ் வகை சிகிச்சைக்கு நன்றாக மசியும். அங்கே இப்போது தொண்டைப் புற்றில் பெரும்பங்கு அதுதான்.

இங்கே வருவது பெரும்பாலும் கன்னம், ஈறு, நாக்கு. காரணம் புகையிலை, பாக்கு, பீடி, குடி. (வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று 2004லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு சொல்லிவிட்டது. கல்யாண வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.)

அதற்காக இங்கே 80 கிடையாது என்றில்லை. மும்பை டாடா மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பக் கட்ட வாய்ப்புற்றுக்கு அறுவை செய்யும்போதே கழுத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தவர்களில் மூன்று ஆண்டில் 80 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். நெறி கட்டிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5. ஆக, இங்கே 80 என்பது சீக்கிரம் வந்தவர்களின் கணக்கு.

பெரியப்பா சீக்கிரம் போகவில்லை. லோடு ஏற்றுகிற வேலை. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. நாலு மாதம் வாய்ப்புண் என்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, அப்புறம் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். பயாப்சிக்குச் சதைத் துணுக்கு எடுக்கும்போது கழுத்தில் நெறி கட்டிவிட்டது. அறுவை முடிந்து 30 நாள் 'கரண்டு', அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், வாரத்துக்கு ஐந்து. மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் வெந்துபோய் மூக்கில் டியூப் போட்டுத்தான் கஞ்சி. அந்த வரிசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், பஸ் காசுக்கு வழியில்லாமல். நடுவில் நாள் விட்டால் கதிர்வீச்சின் பலன் குறையும் என்று டெக்னீஷியன் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, அவர்கள் என்ன செய்வார்கள்?

பெரியப்பாவுக்கு இப்போது நாலு வருடம் ஆகிறது. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும். குழைத்த ரசம் சாதம் சாப்பிடுகிறார்.

அப்பாவுக்கு எந்த இடம், எந்த ஸ்டேஜ், நெறியில் பரவியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தொண்டை என்றால் எச்பிவி பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். இன்னொன்று, கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு லேசில் ஆறாது.